ஜெபத்துக்குத் தனி அறை வேண்டாம், தையல் மெஷின் போதும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் குடும்பப் பக்கத்தில் கிறிஸ்துவ வீடுகளில் ஜெப அறை அமைப்பது பற்றி முழுப் பக்கம் போட்டிருந்தீர்கள். முதலில் அதற்கு நன்றி. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியர்களில் நாங்கள் 6 விழுக்காடுதான், தமிழ்ப் பத்திரிகையில் எங்களுக்கென்று கிறிஸ்மஸ் சமயத்தில் வாழ்த்துப் பக்கம் வரும், பெரிய வெள்ளிக்கு ஒரு கட்டுரை வரும், அதோடு சரி. அதனால் பக்கத்தைப் பார்த்ததும் ஆசையாகத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நீங்கள் போட்டிருந்த படம்! கண்ணாடிக் கதவு, கூரையில் பதித்த விளக்கு, சுவர் முழுக்க மரவேலை, முழங்கால் போட மெத்தை தைத்த பலகை. என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "நம்ம ஹாலைவிட அந்த அறை பெருசா இருக்கே" என்றார்.

நாங்கள் இருப்பது சுங்கை சிப்புட்டில், மலிவு விலை அடுக்குமாடி வீட்டில், மூன்றாவது மாடி. 650 சதுர அடி. மூன்று படுக்கையறை என்று பேர்தான், ஒன்றில் கட்டிலைப் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். இதில் நானும் வீட்டுக்காரரும், மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள் என்று ஆறு பேர். சபையில் போதகர் மாதத்துக்கு ஒருமுறையாவது "குடும்ப ஜெபத்தை விடாதீர்கள்" என்று பிரசங்கத்தில் சொல்லாமல் இருப்பதில்லை, ஆனால் ஆறு பேர் எங்கே உட்காருவது, டிவியை யார் அணைப்பது, நைட் ஷிப்ட் முடிந்து தூங்குகிறவனை எழுப்பலாமா கூடாதா என்று ஒருவரும் சொல்லித் தருவதில்லை. அதைத்தான் எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீடு ஒரு அறை, ஒரு அடுப்படி, முன்னால் அஞ்சடி என்கிற சின்னத் திண்ணை. போதகர் மாதத்துக்கு ஒருமுறை மோட்டார்சைக்கிளில் வருவார், மழை என்றால் அதுவும் இல்லை. மற்ற நாளெல்லாம் வீடுதான் கோயில். அம்மா ஒரு பெரிய சதுர பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் துண்டு விரித்து வேதாகமத்தை வைத்திருப்பார், பூச்சி அரிக்காமல் இருக்கப் பக்கத்திலேயே இரண்டு பாச்சை உருண்டை. இன்றைக்கும் எங்காவது பாச்சை உருண்டை வாசம் வந்தால் எனக்கு ஜெபம் செய்ய வேண்டும் போல் இருக்கும், சிரிக்காதீர்கள். விடியற்காலை வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் அப்பா அந்த டின்னுக்கு முன்னால் நின்றபடியே இரண்டு நிமிடம் ஜெபிப்பார். சாயங்காலம்தான் எல்லாரும் உட்கார்ந்து ஜெபம்.

லயத்து வீடுகளில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது, பழையவர்களுக்குத் தெரியும். நாங்கள் கீர்த்தனை பாடினால் அந்தப் பக்கம் கேட்கும், அவர்கள் தேவாரம் பாடினால் இந்தப் பக்கம் கேட்கும். அப்பா ஜெபத்தை நீட்டிக்கொண்டே போனால் பக்கத்து வீட்டு அத்தை சுவருக்கு அந்தப் பக்கமிருந்து "ஆமென்" என்று குரல் கொடுப்பார். அவர் முருக பக்தர். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார், அப்பாவுக்கு மட்டும் கோபம் வரும்.

தோட்டம் கைமாறி, பால்மரங்களை வெட்டிவிட்டு செம்பனை போட்டபோது நாங்கள் டவுனுக்கு வந்தோம். வெட்டிப் போட்ட ரப்பர் மரத்திலிருந்து ஒரு கட்டையை எடுத்து அப்பா ஒரு சிலுவை செதுக்கினார். மருந்து அடிக்காத ரப்பர் பலகையை வண்டு விடாது, இப்போது அதில் குண்டூசி முனை அளவுக்குச் சின்னச் சின்ன ஓட்டைகள். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் வார்னிஷ் அடிக்கிறோம்.

இந்த வீட்டுக்கு வந்த புதிதில் அந்தச் சிலுவையை டிவிக்கு மேலே மாட்டினோம். வீட்டில் பெரிய சுவர் அதுதான், வருகிறவர்கள் கண்ணில் படும் என்றும் ஒரு நினைப்பு, பொய் சொல்ல மாட்டேன். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் கண்ணை மூடி ஜெபிக்கிறவர்கள் கண்ணைத் திறக்கும்போது நேராக ரிமோட்டைத் தேடுகிறார்கள். அப்புறம் ஐஸ்பெட்டிக்கு மேலே ஒரு பலகை அடித்தோம். அது உறுமுகிற உறுமலில் பிள்ளைகள் வாசிப்பது காதில் விழாது. அப்புறம் மகன் அறை. அவன் தொழிற்சாலையில் மூன்று ஷிப்ட் மாறி மாறிப் போகிறவன், நைட் என்றால் ராத்திரிக்குக் கிளம்புகிறவரை சாயங்காலமெல்லாம் தூக்கம்தான், அந்த வாரம் முழுக்க ஜெபம் இல்லாமல் போகும். ஒரு வாரம் விட்டால் அடுத்த வாரம் ஆரம்பிக்க எவ்வளவு சோம்பலாக இருக்கும் என்று விட்டவர்களுக்குத்தான் தெரியும்.

கடைசியில் இடம் கிடைத்தது ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவில், என் தையல் மெஷினில்.

கால் மிதிக்கிற சிங்கர் மெஷின், கல்யாணமான புதிதில் சீன முதலாளி, அதாவது தவ்கே கடையில் தவணைக்கு வாங்கியது. இன்றைக்கும் ரவிக்கை தைக்கிறேன், பள்ளிச் சீருடைக்கு ஓரம் மடிக்கிறேன், தீபாவளிக்கு முன் இரண்டு மாதம் தலை நிமிர முடியாது. சாயங்காலம் வேலை முடிந்ததும் பெல்ட்டைக் கழற்றி மெஷின் தலையை உள்ளே மடக்கி மேல்பலகையை மூடினால் அது மேசை. அதன்மேல் வெள்ளைத் துணி, வேதாகமம், கைக்கெட்டும் உயரத்தில் சுவரில் அப்பாவின் சிலுவை. மெஷினை மூடுகிற 'டொக்' சத்தம் கேட்டால் போதும், யாரையும் கூப்பிட வேண்டியதில்லை, பாயைத் தூக்கிக்கொண்டு பேரன் வந்துவிடுவான். ஒரே ஒரு தொல்லை, சின்னவள் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஜெப நேரத்தில் மிதிபலகையைக் காலால் அமுக்குவாள், சக்கரம் கடகடவென்று சுற்றும். வேதாகமத்துக்குள் எப்போதும் இரண்டு குண்டூசி இருக்கும், பக்கம் திருப்பும்போது பார்த்துத் திருப்ப வேண்டும்.

மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் ஆண்டவர் 'உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி' ஜெபிக்கச் சொல்கிறாரே, எங்களுக்குத்தான் அறையே இல்லையே என்று ஒருமுறை போதகரிடம் கேட்டேன். அந்த இடத்தில் கிரேக்கத்தில் இருக்கும் சொல்லுக்குச் சரக்கு வைக்கும் உள்ளறை என்று பொருள் என்றார். அதாவது நம் கணக்கில் மாவும் எண்ணெயும் வைக்கிற இடம். எனக்கு அப்படியே மனசு லேசாகிவிட்டது. தெரு முனையில் நாலு பேர் பார்க்க நின்று ஜெபிக்காதே என்பதுதான் அங்கே பேச்சு, அப்படியிருக்க வருகிற விருந்தாளிக்குக் காட்டக் கண்ணாடிக் கதவு போட்டு விளக்குப் பதிப்பது எந்த ஊர் நியாயம் என்று நீங்களே சொல்லுங்கள். பேதுரு மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பசியோடு வீட்டு மாடியில் ஏறித்தான் ஜெபித்தார். பிலேமோன் வீட்டில் ஒரு சபையே கூடியது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் தாயார் சூசன்னாவுக்கு 19 பிள்ளைகள் பிறந்தன, பாதி பிழைக்கவில்லை. வீட்டில் தனிமை கிடைக்காமல் சமையல் ஏப்ரனைத் தலைக்குமேல் இழுத்து மூடிக்கொண்டு அதற்குள் ஜெபிப்பாராம், அம்மா அப்படி இருந்தால் ஒரு பிள்ளையும் கிட்டே போகாதாம். மெதடிஸ்ட் சபைகளில் காலங்காலமாகச் சொல்லி வருகிற கதை. நானும் ஒருநாள் சேலை முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு முயற்சி செய்தேன். பேரன் உள்ளே தலையை விட்டு "என்ன பாட்டி, ஒளிஞ்சு பிடிக்கிற விளையாட்டா?" என்றான்.

சரி, இனி எங்கள் வீட்டு நிஜமான பிரச்சினைக்கு வருகிறேன், உங்கள் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நாங்கள் மெதடிஸ்ட், சுரூபம் வைத்து ஜெபிக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. மருமகள் கத்தோலிக்கர். நல்ல பெண், என்னைவிடப் பக்தி அதிகம், அதுதான் சிக்கலே. கல்யாணமாகி வந்தபோது தாய் வீட்டிலிருந்து ஒரு மாதா சுரூபம், அதாவது மரியாளின் சிலை, கொண்டுவந்தாள், புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்கு வருஷா வருஷம் போகிற குடும்பம். மெஷின்மேல் சிலுவைக்குப் பக்கத்தில் வைக்கலாமா அத்தை என்று மரியாதையாகத்தான் கேட்டாள். நான் முடியாது என்றேன். மூன்று வாரம் வீட்டில் தேவைக்கு மட்டும்தான் பேச்சு. அவள் ஒருநாள் கைப்பேசியில் அவர்கள் திருச்சபையின் மறைக்கல்வி நூலைத் திறந்து காட்டினாள், வீட்டில் வேதாகமமும் திருப்படங்களும் வைத்த ஒரு ஜெப மூலை இருக்கலாம், அது குடும்பம் சேர்ந்து ஜெபிக்க உதவும் என்று 2691-ஆம் எண்ணில் இருக்கிறது. மூலை என்று அவர்களே சொல்கிறார்கள், பார்த்தீர்களா, அறை என்று கேட்கவில்லை. அந்த மட்டுக்கு எனக்குப் பிடித்திருந்தது. சுரூபத்துக்கு மட்டும் நான் இன்னும் மனசு இறங்கவில்லை.

இப்போதைக்குச் சுரூபம் அவர்கள் படுக்கையறையில். அவளுடைய ஜெபமாலை மெஷின் இழுப்பறையின் குமிழில் தொங்குகிறது. அக்டோபர் வந்தால் ஜெபமாலை மாதம், சுரூபம் வெளியே வந்து மெஷின்மேல் உட்காரும், 31 நாளும் நான் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. இது சரியா என்று எங்கள் சபையில் சிலர் கேட்கிறார்கள். அவர்கள் வீட்டில் குடும்ப ஜெபம் நடக்கிறதா என்று நான் திருப்பிக் கேட்பதில்லை.

கர்த்தருடைய ஜெபத்தைச் சேர்ந்து சொல்வதுதான் இன்னும் பெரிய கூத்து. நாங்கள் 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே' என்று ஆரம்பிப்போம், மருமகள் 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே' என்பாள். பேரன் இரண்டையும் கேட்டுக் கேட்டு பரமண்டலத்தில் ஏறி விண்ணுலகில் இறங்குவான். முடிக்கும்போது அவள் ஆமென் சொல்லி நிறுத்திவிடுவாள், நாங்கள் ராஜ்யமும் வல்லமையும் மகிமையும் என்று இன்னும் போய்க்கொண்டிருப்போம், அவள் கைகூப்பி எங்களுக்காகக் காத்திருப்பாள். முதலில் இது எனக்கு உறுத்தியது. இப்போது அந்த இடைவெளி வராவிட்டால் ஏதோ விட்டுப்போனது போல் இருக்கிறது.

ஒன்றில் மட்டும் நான் தோற்றேன், ஒப்புக்கொள்கிறேன். தமிழில் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சாகி வெளிவந்தது 1715-இல், முந்நூறு ஆண்டு தாண்டிவிட்டது, அந்தப் பழைய நடையில் படித்தால்தான் எனக்கு வேதம் வேதமாகத் தெரியும். ஆனால் பேரன் மலாயில் பாடம் நடக்கிற தேசியப் பள்ளியில் படிக்கிறவன், தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான், 'பிரவேசித்து' வந்தால் மூச்சு வாங்கும். மருமகள் கொண்டுவந்த 1995 பொது மொழிபெயர்ப்பு, திருவிவிலியம், அதைக் கொடுத்தால் ஓரளவு தடுக்காமல் போகிறான். தினம் ஐந்து வசனம், பிழை விட்டால் அடுத்தவர் திருத்தக் கூடாது, அவனே திரும்பப் படிக்க வேண்டும் என்று சட்டம். ஒரு வருஷத்தில் அவன் தமிழ் வாசிப்பு எங்கோ போய்விட்டது, போன மாதம் உங்கள் பத்திரிகையின் தலைப்புச் செய்தியை எனக்கு உரக்கப் படித்துக் காட்டினான். டியூஷனுக்கு மாதம் 80 வெள்ளி கொடுத்து வராத தமிழ்.

நேரம் குறிப்பது இடம் பிடிப்பதைவிடக் கஷ்டம். ஆறரை என்றால் பஸ் வந்திருக்காது, எட்டரை என்றால் நாடகம், ஒன்பது என்றால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் ஏழேகால் ஏழரைக்கு சுரா என்கிற சின்னத் தொழுகைக்கூடத்தில் மஹ்ரிப், அதாவது அந்தித் தொழுகைக்குப் பாங்கு சொல்வார்கள். அதே நேரத்தில் எதிர்வீட்டு அக்கா வாசலில் விளக்கேற்றிச் சாம்பிராணி காட்டுவார், புகை எங்கள் வீட்டுக்குள்ளும் வரும். அந்தப் பாங்கு முடிந்ததும் நான் மெஷினை மூடுவது. கடிகாரம் பார்க்க வேண்டியதே இல்லை, மாடி முழுக்க அவரவர் சாமியோடு இருக்கிற நேரம், டிவி போட யாருக்கும் கை வராது.

பதினைந்து நிமிடம், அதற்கு மேல் கூடாது. இதில் குற்றவாளி என் வீட்டுக்காரர். அவர் ஜெபத்தில் பிரதமரில் தொடங்கி ஆப்பிரிக்காவரை ஒரு நாட்டையும் விட மாட்டார். சோறு ஆறும், பிள்ளைகள் சாய்ந்துவிடுவார்கள். இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவர் முறை, மற்ற நாள்களில் ஆளுக்கு ஒரு நாள், பேத்திக்கும் ஒரு நாள் உண்டு. அவள் ஜெபம் மொத்தம் நாலு வரி, அதில் ஒரு வரி பூனைக்கு. ஷிப்டில் இருக்கிற மகன் இடைவேளையில் புலனத்தில் (வாட்ஸ்அப்) குரல்பதிவு அனுப்புவான், ஜோகூரில் வேலை செய்கிற மகள் காணொளியில் வருவாள், கைப்பேசியை வேதாகமத்தில் சாய்த்து வைப்போம். சிக்னல் போனால் அவள் முகம் வாய் திறந்தபடி நின்றுவிடும், அன்றைக்கு ஜெபம் சிரிப்பிலேயே போகும்.

மெழுகுவர்த்தி பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் உங்கள் படத்தில் துணித் திரைக்குப் பக்கத்தில் ஏழெட்டு மெழுகுவர்த்தி எரிந்தது. தையல்காரி வீட்டில் துண்டுத் துணி எங்கும் கிடக்கும். ஒருநாள் வர்த்தி சாய்ந்து மேசை விரிப்பு கருகி, பக்கத்தில் மடித்து வைத்திருந்த யாரோ வீட்டுக் கல்யாண ரவிக்கைத் துணிக்குத் தீ பிடிக்க ஒரு விரற்கடைதான் பாக்கி. அதிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பாதிவரை மணல் போட்டு அதற்குள் வர்த்தி, அதுவும் ஞாயிறு மட்டும். மற்ற நாள் பேட்டரி விளக்கு, பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் 5 வெள்ளி. உண்மையான நெருப்பு இல்லாவிட்டால் ஜெபம் போலவே இல்லை என்பாள் மருமகள். அந்த விரிப்பை நான் மாற்றவில்லை, ஓட்டை தெரிகிற மாதிரியே விரிக்கிறேன், பிள்ளைகளுக்கு ஒரு ஞாபகமாக இருக்கட்டும் என்று.

இதையெல்லாம் விளையாட்டாக நினைத்திருந்த எங்கள் சொந்தக்காரர்களுக்கே இதன் அருமை 2020-இல் தெரிந்தது. கோவிட் தொற்றுக்காக மார்ச் 18 நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்ததும் கோயில் கதவெல்லாம் மூடியாயிற்று. குருத்தோலை ஞாயிறு ஏப்ரல் 5, ஈஸ்டர் ஏப்ரல் 12, இரண்டும் வீட்டுக்குள்தான். குருத்தோலைக்கு வீட்டுக்காரர் சாமான் வாங்கப் போன வழியில் தென்னங்குருத்து தேடியிருக்கிறார், கிடைக்காமல் சாலையோரத்துச் செம்பனை மட்டையை ஒடித்துக்கொண்டு வந்தார், கையெல்லாம் முள். அந்த ஓலையைப் பிடித்துக்கொண்டு ஆறு பேரும் ஹாலிலிருந்து அடுப்படிவரை ஓசன்னா பாடிக்கொண்டு நடந்தோம், மொத்தம் ஒன்பது எட்டு. எதிர்வீட்டு அக்கா கதவு இடுக்கில் பார்த்துவிட்டு "ஊர்வலமா?" என்றார். எங்களுக்கு அந்த மாதங்கள் அப்படி ஓடின. கோயிலில் மட்டுமே ஜெபித்துப் பழகியவர்கள், வீட்டில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் சோபாவில் சாய்ந்து கைப்பேசியில் ஆராதனை பார்த்தார்கள், இரண்டாம் மாதம் அதையும் விட்டார்கள், சிலர் இன்னும் திரும்பி வரவில்லை.

இன்னொன்று, இது சிலருக்குப் பிடிக்காது. குடும்ப ஜெபம் என்று சொல்லிவிட்டு ஒலிபெருக்கி, கீபோர்ட், முப்பது பேர், கீழே வாகனம் நிறுத்த இடமில்லாமல் சண்டை என்று போகிற வீடுகள் எங்கள் பக்கமும் உண்டு. அதைக் கூட்டம் என்று சொல்லுங்கள், அதற்கு ஒரு மண்டபம் எடுங்கள். லயத்துச் சுவரில் குரல் தாண்டியது வேறு, அங்கே அத்தை பதிலுக்கு ஆமென் சொன்னார்.

அடுத்த முறை இப்படி ஒரு பக்கம் போடுவதாக இருந்தால், ஐயா, உங்கள் புகைப்படக்காரரை எங்கள் பக்கம் அனுப்புங்கள். மின்தூக்கி பழுது, படியேறித்தான் வர வேண்டும். பாங்கு சொல்வதற்குக் கொஞ்சம் முன்னால் வந்தால் மெஷினை மூடுவதையும் எடுக்கலாம். தீபாவளி நெருங்கிக்கொண்டிருக்கிறது, மெஷினைச் சுற்றி ரவிக்கைத் துணி குவிந்து கிடக்கும், அதை ஒதுக்கிவைக்கச் சொல்லாமல் அப்படியே படம் எடுக்கட்டும். அக்டோபராக இருந்தால் சுரூபமும் படத்தில் விழும், விழட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்.